கடைசிப் பத்து நிமிடம்

"மெதுவா, மெதுவா. அந்தக் கால் ஆடும்," என்றான் அண்ணன். இருவருமாகப் பெரிய மேஜையைச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அது நடுவில் இருக்கும்வரை முன்னறையில் அம்மாவைக் கிடத்த இடமில்லை. அம்மா உள்ளறையில், விடிகாலையில் எப்படிக் கண்ணை மூடினாளோ அப்படியே கிடந்தாள். மூன்று மணிக்கு வண்டி வரும்.

மேஜைமேல் இரண்டு பழைய டிவிகள் பிரித்துப் போட்டபடி இருந்தன. ஒன்றின் முதுகில் சாக்பீஸால் 'மருந்துக்கடை' என்றும், மற்றதில் 'கண்டக்டர்' என்றும் எழுதியிருந்தது. டிவி ரிப்பேர் செய்வதுதான் அம்மாவின் தொழில். யாருடைய பெயரையும் எழுத மாட்டாள், அவர்கள் பார்க்கும் வேலையைத்தான் எழுதுவாள்.

"இதையெல்லாம் யாருண்ணா திருப்பிக் குடுக்கறது?" என்றாள் தங்கை.

"ஏன், அம்மாவே எழுந்து போய்க் குடுத்துட்டு வந்து படுத்துப்பாங்க. கஸ்டமர்னா அவங்களுக்கு உயிராச்சே."

அவன் சிரிக்கவில்லை. எதை மனசில் வைத்துச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷமாக அதே சனிக்கிழமைதான். அவளும் ஒன்றும் அதை மறந்துவிடவில்லை. அன்றைக்கு ஏன் கொடுத்தாய் என்று அம்மாவிடம் ஒருநாள் கேட்டுவிட வேண்டும் என்றே இருந்தாள். கேட்காமலே காலம் ஓடிவிட்டது.

அப்போது அவளுக்கு எட்டு வயது, அவனுக்குப் பதினொன்று. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு 'ஒன்பதாவது கப்பல்' என்ற விண்வெளித் தொடர் வரும். வீடு நிறைய டிவி இருந்தும் சொந்தமாக ஒன்று கிடையாது. எல்லாம் ஊரார் வீட்டுப் பெட்டிகள், எல்லாவற்றிலும் ஏதாவது கோளாறு. படம் வந்தால் சத்தம் வராது, சத்தம் வந்தால் படம் வராது. அண்ணன்தான் ஒருநாள் இரண்டு பெட்டிகளை ஒட்டி வைத்து, இரண்டிலும் ஒரே சேனலைத் திருப்பினான். ஒன்றில் பார்த்தார்கள், மற்றதில் கேட்டார்கள். அன்றோடு இருவருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. அம்மா கழற்றி எறிந்த குமிழ்களை அட்டையில் குத்தி, கட்டிலுக்கு அடியிலேயே ஒரு கப்பல் ஓட்டினார்கள்.

படம் வந்த பெட்டி தபால்காரருடையது. அதில் சிவப்பு நிறம் செத்துப்போயிருந்தது. அதனால் கப்பலின் தலைவி பச்சை நிறத்தவள் என்றே இருவரும் நம்பினார்கள். அவள் வேறு கிரகத்தில் பிறந்தவள் என்று அண்ணன் ஒரு கதையே கட்டிவிட்டான். "அவளும் நம்மள மாதிரிதான்டா," என்று சொன்ன பையனோடு பள்ளிக்கூடத்தில் கட்டிப் புரண்டு, சட்டைப் பொத்தானைத் தொலைத்துவிட்டு வந்தான். அம்மா வேறு பொத்தான் வைத்துத் தைத்தபடியே முழுக் கதையையும் கேட்டாள்.

அந்தப் பெட்டி பன்னிரண்டு வாரம் வீட்டில் இருந்தது. தொடரின் கடைசிச் சனிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் காணோம்.

"குடுத்தாச்சு," என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

அண்ணன் அழுது, கத்தி, சாப்பிடாமல் கிடந்தான். ஐந்தரைக்கு இருட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, சத்தத்தை மட்டும் கேட்டார்கள். கடைசிப் பத்து நிமிடம் அந்தக் கப்பலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெறும் இசைதான். "அண்ணா, இப்ப என்ன நடக்குது?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? எட்டு நாள் அவன் அம்மாவோடு பேசவில்லை. பின்னாளில் கைபேசியிலேயே அந்தத் தொடர் கிடைத்தபோதும் இருவரும் தொடவில்லை. ரோஷம்.

இரண்டரை மணிக்கு, முன்னறையில் அம்மாவைச் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசலுக்குப் போன பிறகு, அண்ணன் தங்கை வயதையொத்த ஒரு பெண் வந்தாள். அம்மாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"என்னைத் தெரியாது உங்களுக்கு. நான் தபால்காரர் பொண்ணு," என்றாள்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான்.

"சின்ன வயசுல எனக்கு முதுகுல ஆபரேஷன். ஆறு மாசம் படுத்த படுக்கை. எங்க டிவி வேற இங்க ரிப்பேர்ல இருந்துது. பார்ட் வரலை, பார்ட் வரலைன்னு பன்னெண்டு வாரம். பாவம், இவங்களும்தான் என்ன செய்வாங்க? ஒருநாள் அப்பா லெட்டர் குடுக்க வந்தப்ப, நான் படுத்திருக்கறதைப் பத்திப் பேச்சுவாக்குல சொல்லியிருக்காரு. மறுநாள் காலைல இவங்களே தூக்கிட்டு வந்துட்டாங்க. மூச்சு வாங்குது. கட்டில் பக்கத்துல வெச்சு, எனக்குத் தெரியற மாதிரி திருப்பி வெச்சுட்டுப் போனாங்க. கலரெல்லாம் பளிச்சுன்னு."

அண்ணன் இப்போது எலக்ட்ரீஷியன். தங்கையின் காதருகே குனிந்து, "அந்தக் கலரைச் சரி பண்றது ஒரு மணி நேர வேலை," என்றான்.

அவளுக்குப் புரிந்தது. பன்னிரண்டு வாரம் அம்மா பொய் சொல்லியிருக்கிறாள், இவர்களுக்காக. அந்தப் பொய்யால் படுக்கையில் கிடந்த ஒரு குழந்தை காத்துக்கிடந்திருக்கிறது. இதை எந்த வாயால் இவர்களிடம் சொல்வாள்? அம்மாமேல் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இருந்தது. ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"ஒன்பதாவது கப்பல் கடைசி வாரம் அன்னைக்கு," என்றாள் தபால்காரர் மகள். "உங்க பசங்க பாக்க வேண்டாமான்னு எங்கம்மா கேட்டாங்க. அதுங்க பக்கத்து வீட்டுல பாத்துக்கும்னாங்க இவங்க. பாத்தீங்கல்ல?"

அவர்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் மரக்கடை, மறுபக்கம் சந்து. தங்கை அண்ணனைப் பார்த்தாள். பொசுக்கென்று எதையாவது சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

"பாத்தோம், பாத்தோம்," என்றான் அண்ணன். "பக்கத்து வீட்டுலதான். ஆனா வருஷமாச்சா, கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் மறந்துபோச்சு. எப்படி முடியும் அது?"

தபால்காரர் மகளின் முகம் மலர்ந்தது. "அதை எப்படி மறந்தீங்க! எல்லாரையும் இறக்கி விட்டாச்சு. கப்பல்ல தலைவி மட்டும்தான். ஒவ்வொரு அறையாப் போறா. அவங்க அவங்க விட்டுட்டுப் போன சாமானை எடுத்து ஒழுங்கா வைக்கிறா. ஒரு கோப்பை, ஒரு போர்வை..."

வாசலில் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். அண்ணன் அவருக்குக் கையைக் காட்டி இருக்கச் சொன்னான். நாற்காலியை அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தங்கை தரையிலேயே அவன் காலருகே உட்கார்ந்துகொண்டாள்.

"ம், அப்புறம்?" என்றான்.