அட்மிரல் படித்த வரி

…டி, இ, எஃப், பி, அப்புறம் ஓவா சியா, முன்னால் நிற்கும் அம்மாள் முணுமுணுத்துத் தொலைக்கிறாளே, கொஞ்சம் உரக்கப் படித்தால் என்ன குறைந்தா போய்விடும்… பென்சகோலா ஓட்டுநர் உரிம அலுவலகத்தின் கண் பரிசோதனை வரிசையில், எண்பத்து நான்கு வயது ஓய்வுபெற்ற கடற்படை அட்மிரல் ஹார்லன் டாலிவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கண்ணால் ஆகாததைக் காதால் சாதித்தால்தான் உண்டு, சுவரில் தொங்கும் அட்டை அவருக்கு வெறும் வெள்ளைத் துணி, இன்று தேறாவிட்டால் கார் போச்சு, கார் போனால் மனைவி லொரெய்னைப் பார்ப்பதும் போச்சு. பாலத்துக்கு அந்தப் பக்கம், மறதிக்காரர்களுக்கான இல்லத்தில், தினமும் நாலு மணிக்கே சன்னலோரம் வந்து உட்கார்ந்துவிடுவாள், கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறியா ஹார்லி என்பாள், ஞாயிற்றுக்கிழமை என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது, புருஷன் பேரே பாதி நாள் மறந்துபோகிறவளுக்கு அது மட்டும் எப்படி மறக்காமல் இருக்கிறது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், சமையலறை மேசையில் உட்கார்ந்து, இப்படிக் கேட்டுவந்த எழுத்துகளை இவர் ஒப்பிக்கக் கேட்டவளும் அவள்தான்… விமானிகள் எல்லோரும் செய்கிற காரியம், ஒருவன் கண் டாக்டரின் அட்டையைப் பார்த்துவந்து அடுத்தவனுக்குச் சொல்வான், யாரும் அதைப் பொய் என்றதில்லை, பறக்கவிடாமல் தரையில் உட்காரவைத்துவிட்டால் அப்புறம் எதற்கு உயிர்? ஆறே வாரத்தில் அந்த நாள், போரில் குண்டடி பட்ட விமானம், வலப்பக்க இருக்கையில் கூடப் பறக்கும் வெண்டல் ஸ்டோக்ஸ், கீழே இறங்கவேண்டிய விமானந்தாங்கிக் கப்பல். தளத்தோரம் வழிகாட்டும் விளக்கு தெரிகிறதா என்று கேட்பார்கள், தெரியவில்லை என்றால் இன்னொரு சுற்று வரச் சொல்வார்கள், அவ்வளவுதான், அதில் என்ன கேவலம்? தெரியுது என்றார். தெரிந்ததெல்லாம் ஒரு மஞ்சள் கறை. ஹார்லி, ரொம்பத் தாழ்வா வர்றோமோ என்றான் வெண்டல், அதுதான் அவன் கடைசிப் பேச்சு, விமானம் தளத்தின் விளிம்பில் மோதியது, இவர் இருக்கையோடு வெளியே எறியப்பட்டார், அவன் இல்லை. பழி குண்டடிமேல், பதக்கம் இவர் நெஞ்சில், பிறகு படைப்பிரிவுக்குத் தலைமை, கப்பலுக்குத் தலைமை, தோளில் ஒவ்வொன்றாக நட்சத்திரங்கள்… லொரெய்னுக்கு மட்டும் உண்மை தெரியும், அவளுக்கும் இப்போது மறந்துவிட்டது, கடவுளே, இந்தப் பாவத்தை இனி யாரிடம் சொல்லி அழுவது?

"வாங்க பெரியவரே, கோட்டுல நில்லுங்க. கடைசி வரி தெரியுதா?" மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள்.

"தெரியுது." படித்தார், ஓவா சியா என்ற இடத்தில் துணிந்து ஓ என்றார்.

"அடேயப்பா, பருந்துக் கண்ணு! என் வீட்டுக்காரருக்கு இதுல பாதிகூடத் தெரியாது."

"நான் கடற்படை விமானிம்மா."

"அதானே பார்த்தேன்! அப்புறமென்ன, வீட்டம்மாவப் பக்கத்துல உக்கார வச்சு ஊரச் சுத்துங்க."

உரிமத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார், வெயில், வரிசையாகக் கார்கள், தன்னுடையது எது… சந்தோஷம் வரவேண்டுமே, ஏன் வரவில்லை? ஞாயிற்றுக்கிழமை வலப்பக்கக் கதவைத் திறந்து அவளை உட்காரவைத்து, வாரை மாட்டிவிட்டு, பாலத்தில் ஏறும்போது, ஹார்லி, முன்னாடி போற வண்டி தெரியுதா என்று அவள் கேட்டால்? தெரியவில்லை என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாமே, இங்கே யார் கேட்கப்போகிறார்கள்… உதட்டைப் பிரித்தார், சத்தம் வரவில்லை, எண்பத்து நான்கு வயதில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தனக்குத் துணிச்சல் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.