ஜெயா வீட்டில் பெய்த பனி

"அவங்க உப்பு மேல வழுக்கிட்டுப் போறாங்களே, கால் எரியாதாம்மா?" என்று ஐந்து வயது சத்யப்ரியா கேட்டது 2018ஆம் ஆண்டில், செய்தியில் அரை நிமிடம் காட்டிய பனிச்சறுக்குப் போட்டியைப் பார்த்துவிட்டு. மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரும் அவள் அம்மா ஜெயாவுக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த குளிர்கால ஒலிம்பிக்கை முழுதாகப் பார்த்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்தாள். 2022 பிப்ரவரியில் அந்த வாக்கைக் காப்பாற்றினாள். அதனால்தான் அவள் வீட்டுக்குள் மட்டும் பனி பெய்தது.

பார்ப்பதற்கு வழி சொன்னவன் கைப்பேசிக் கடையில் வேலை செய்யும் செந்தமிழ். "கேபிள்ல தேடாதீங்கக்கா, கெடைக்காது. போன்ல ஆப் போட்டு டிவியில விட்டுடலாம். நெட்டு மட்டும் நின்னுடக் கூடாது" என்றான். ஜெயாவின் நெட் பாதிப் பொழுதிலேயே தீர்ந்துவிடும். பக்கத்து வீட்டு முத்தம்மாள், நாலு பாத்தியைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாளாக உப்பு விளைவிக்கும் விதவை, தன் கைப்பேசியைக் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். "எனக்கு யாருடி போன் பண்றா? எல்லா நெட்டையும் நீயே எடுத்துக்கோ. என்னையும் ஒரு ஓரமா உக்கார வச்சா போதும்."

முதல் வீராங்கனை மலை உச்சியிலிருந்து பாய்ந்த நொடியில் ஓட்டுக் கூரைக்கு அடியிலிருந்து பனி இறங்கத் தொடங்கியது. வாசலில் வெயில் முப்பத்திரண்டு டிகிரி. உள்ளே அரிசி டிரம், தையல் மிஷின், சாமி படம் எல்லாம் வெளுத்தன. போட்டி நின்றால் பனியும் நின்றது, விளம்பரத்துக்குப் பெய்யவில்லை. ஊர் ஜனம் செருப்பைக் கழற்றிவிட்டு, சந்நிதிக்குள் நுழைவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. கூனிமேட்டு மீன் வியாபாரி ஒருவர் "மாஷா அல்லா" என்று வெகுநேரம் நின்றார். பிறகு மெதுவாக, "ரெண்டு பெட்டி மீன இங்கியே வச்சிட்டுப் போவட்டுமாம்மா?" என்று கேட்டார். சத்யப்ரியா வெறுங்காலைப் பனியில் புதைத்துப் பார்த்து, "எரியலம்மா, ஜில்லுன்னு இருக்குது" என்றாள்.

தவறு அன்று மதியம் நடந்தது. இருபது வருடம் உப்பு வாரிய கைக்கு வெள்ளையாக இருப்பதெல்லாம் உப்புதான். ஜெயா பனியைப் பலகையால் ஒதுக்கிக் கூடையில் அள்ளி, தலையில் சுமந்துபோய், யோசிக்காமலே வழியிலிருந்த முத்தம்மாளின் உப்புக் குவியலில் கொட்டினாள். பழக்கத்தில் குவியலை மூடும் ஓலைக் கீற்றையும் மேலே இழுத்துவிட்டாள். பனி நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் உப்பைத் தின்றுவிடும். மறுநாள் காலையில் குவியலில் பாதி கரைந்து வாய்க்காலோடு போயிருந்தது.

முத்தம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஒழுங்கா மூடாம ஆட்டம் பாக்க ஓடியாந்துட்டேன், ராத்திரி ஈரம் எறங்கிடுச்சு. எனக்குத்தான் புத்தி இல்ல." ஜெயா பனி கொட்டியதைச் சொல்லாமல் மிச்ச உப்பைப் பலகையால் கூட்டிக் குவித்தாள். சற்று நேரத்தில் முத்தம்மாள், ஒன்றும் நடக்காததுபோல, கைப்பேசியோடு ஜெயா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

அதன்பின் நான்கு வருடம், ஒரு நாள் தவறாமல், முத்தம்மாள் கீற்றை மூன்று முறை தடவிப் பார்த்துவிட்டே பாத்தியை விட்டு நகர்ந்தாள். பாதி வழியில் நின்று மறுபடியும் திரும்பிப் போவாள். தன் கையையே நம்பாத அந்தப் பெண்ணைப் பார்த்தபடி ஜெயா கூலிக்கு வாரினாள். பிறர் உப்பை எடுத்து ஈடு கட்ட முடியாது. ஒரு புயல் வந்து போனது. சத்யப்ரியா அம்மாவின் உயரத்துக்கு வளர்ந்தாள். 2025 கடைசியில் ஜெயா சொந்தமாக இரண்டு பாத்தி குத்தகைக்கு எடுத்தாள்.

2026 பிப்ரவரியில் போட்டி தொடங்கியதும் பனியும் தொடங்கியது. பக்கத்து ஊர் பிரம்மதேசத்துக்காரர்கள் போர்வையோடு வந்தார்கள். கடைசி நாள் பிற்பகல் ஊரே அவள் வீட்டில் மூச்சடக்கி இருந்தபோது ஜெயா எழுந்தாள்.

"எங்கடி போற? இப்பதான் ஜோரா இருக்குது" என்றாள் முத்தம்மாள்.

"தோ வந்துடறேன் பெரியம்மா."

உப்பளத்தில் ஒரு ஆளும் இல்லை. ஜெயா தன் குவியலிலிருந்து கூடை கூடையாக முத்தம்மாளின் குவியலுக்குச் சுமந்தாள். தன்னுடையது பாதியானதும் நிறுத்தினாள். பிறகு முத்தம்மாளின் குவியல் மேலிருந்த கீற்றை வேண்டுமென்றே ஒரு பக்கம் விலக்கிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் கீற்று விலகிக் கிடப்பதைத் தூரத்திலேயே கண்டு முத்தம்மாள் பதறிக்கொண்டு ஓடினாள். மூடாமல் கிடந்த உப்பு வளர்ந்திருந்தது. வீட்டுக்குள் பனி பெய்யும் ஊரில் அதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் கீற்றை ஒரே முறை இழுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடக்கிறாள்.