இரும்பின் சோர்வு

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 5, திங்கட்கிழமை, ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலை, வில்லாபுரத்து மாவு ஆலை ஒன்றில் பாரம் தூக்கும் இயந்திரத்தின் கொக்கி முறிந்தது. கீழே நின்ற சுமைத் தொழிலாளி பேயாண்டி கோதுமை மூட்டைகளுக்கு அடியில் அகப்பட்டு அந்த இடத்திலேயே உயிரிழந்தான்.

இயந்திரத்தை இயக்கியவன் சுருளி. விரிசலை மறைத்து ஓட்டினான் என்று ஆலை முதலாளி ராஜேஷ்குமார் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். அது நிலைத்தால் சுருளிக்குச் சிறை. ஆலையின் பாதுகாப்புப் பொறியாளர் ரோகிணியின் அறிக்கை ஒன்றே இனி எழுதப்பட வேண்டியிருந்தது.

இயந்திரத்தருகே ஒரு பலகை தொங்கியது: ‘உலோகச் சோர்வு தென்பட்டால் இயக்கத்தை நிறுத்துக.’ ரோகிணி அதைக் காட்டிக் கேட்டபோது, படித்தேன், நிறுத்தினேன் என்றான் சுருளி. கொக்கியில் கண்ட விரிசலைச் சனிக்கிழமையே முதலாளியிடம் காட்டினானாம். மறுநாள் அமாவாசை, இயந்திரங்களுக்கு எப்படியும் ஓய்வுதானே, பூசை போட்டபின் ஓட்டு என்றாராம் அவர்.

“அத நீங்களும் நம்புனீங்களா அண்ணே?”

“நம்பாம? உழுத மாடு சோந்தா அவுத்து விடுறோம். நெலம் சோந்தா ஒரு போகம் தரிசாப் போடுறோம். மஞ்சக்காமாலையில கெடந்தப்ப, சோர்வு இருக்கும், படுத்து எந்திரிச்சாச் சரியாயிரும்னு டாக்டரம்மா சொன்னாக. இரும்புக்கு மட்டும் வேற நியாயம்னு யாரு மேடம் சொன்னா?”

ஒருவரும் சொல்லவில்லை. உழவிலும் மருத்துவத்திலும் ஓய்வு தீர்க்கிற சோர்வு பொறியியலில் தீராது. பாரம் ஏறி இறங்கி ஏறி இறங்கி உள்ளே கீறிப்போன இரும்பு கீறியதுதான். கிடத்திப் போட்டால் ஆறுகிற புண் அன்று அது.

ராஜேஷ்குமாரோ விரிசலைக் கண்ணாலும் காணவில்லை என்று சாதித்தார். யார் சம்பளத்தில் இருக்கிறாள் என்பதையும் ரோகிணிக்கு நினைவூட்டினார்.

அவள் முறிந்த கொக்கியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். முறிந்த முகத்தில் பாதி புதிதாகப் பளபளத்தது. மீதி, முன்பே விரிசல் விட்டிருந்த பாகம், கறுத்திருந்தது, அந்தக் கறுப்புக்குள் குங்குமம் இறங்கிக் காய்ந்திருந்தது. அமாவாசைப் பூசையில் கொக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவது முதலாளியின் கை; வேறு எவரும் இடும் வழக்கம் அந்த ஆலையில் இல்லை. வாய் பிளந்திருந்த விரிசலின் மேல்தான் அவர் விரல் ஊர்ந்திருக்கிறது. காணாமல் இட்டிருக்க வழியில்லை.

அதை அவர் முன் வைத்தாள்.

“சாமிக்குத்தானம்மா வச்சேன்” என்றார்.

சுருளி விரிசலைத் தெரிவித்தான். முதலாளி ஓட்டச் சொன்னார். சோர்ந்த கொக்கியைக் கழற்றி அழிக்க வேண்டும் என்று இருவருக்கும் யாரும் கற்பிக்கவில்லை, கற்பித்திருக்க வேண்டியது ஆலை. இவ்வாறு எழுதி ரோகிணி கையொப்பமிட்டாள். ராஜேஷ்குமார் கையொப்பமிட மறுத்தார். அறிக்கை ஒற்றைக் கையொப்பத்துடன் தொழிற்சாலை ஆய்வாளருக்குச் சென்றது. சுருளியின் மீதான புகார் கைவிடப்பட்டு, முதலாளியின் மீது வழக்குப் பதியப்பட்டது. அந்த மாத இறுதியில் ரோகிணி வேலையிலிருந்து நீக்கப்பட்டாள்.