டிவி மேலதான் வச்சேன்

பிணம் கிடக்கும் வீட்டில், விரல் நீளச் சாவி ஒன்றை யார் கண்ணிலும் படாமல் எங்கே போடுவீர்கள்?

பைக் மெக்கானிக்கான மகன் டிவிக்குப் பின்னால் கையை விட்டுக்கொண்டிருந்தான், ஒயரைச் சரி பண்ணுகிறவன் போல. உள்ளங்கையில் ஆக்சிஜன் சிலிண்டர் சாவி வேர்த்துக் கிடந்தது. விமானத்திலிருந்து இறங்கி நேராக வந்திருந்தான். ரேஸ் மைதானத்தில் மணிக்கட்டில் ஒட்டிவிட்ட பச்சைப் பட்டையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

இருந்தது அந்த ஒரு சாவிதான். தொலைந்துவிடக் கூடாது என்று தன் வண்டிச் சாவிக் கொத்திலேயே கோத்து வைத்திருந்தான். அப்பாவுக்குச் சிலிண்டர் மாற்றுவது எப்போதும் அவன் வேலை. வெள்ளிக்கிழமை காலையும் புதுசு மாட்டினான். திங்கள் வரை தாராளமாக வரும் என்று நினைத்து, பட்டறை நண்பர்களோடு வெளிநாட்டுக்கு பைக் ரேஸ் பார்க்கக் கிளம்பினான். பத்து வருஷ ஆசை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள அக்கா வந்திருந்தாள்.

"எவன் ஜெயிச்சான்னு வந்து சொல்லு," என்றார் அப்பா, மூக்குக் குழாயைத் தள்ளிவிட்டுக்கொண்டு. "எவன் விழுந்தான்னும் சொல்லு. அதுலதான் ருசியே இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மூச்சு இழுத்தது. அக்கா காற்றைக் கூட்டி வைத்தாள். மத்தியானம் சிலிண்டர் தீர்ந்தது. பக்கத்திலேயே இன்னொன்று முழுசாக நின்றது. திறக்கச் சாவி இல்லை. அங்கே மைதானத்தில் இருபத்திரண்டு வண்டிகள் ஒன்றாகச் சீறிக் கிளம்பின. நின்ற தரையே அதிர்ந்தது. அவன் சட்டைப் பையில் போனும் பதினோரு தடவை அதிர்ந்திருக்கிறது.

அவன் திரும்பக் கூப்பிட்டபோது அக்கா அழுதுகொண்டே கேட்டாள். "அப்பா போயிட்டாருடா. சாவிய எங்கடா வச்ச?"

கை பேன்ட் பையில் கொத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாய் சொன்னது: "டிவி மேலதான் வச்சேன்."

இப்போது கூடத்தில் அக்கா அத்தையிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "டிவி மேலதான் வச்சானாம் அத்தை. கண்ணு முன்னாடி இருந்தத விட்டுட்டு, அலமாரி, தலகாணி உறைன்னு துழாவிக்கிட்டிருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் குறடு போட்டுத் திருகினாரு, வழுக்கிடுச்சு. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள..."

"நீ என்னடி பண்ணுவ? அழாத."

"நான் என்ன பண்ணுவேனா? எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சே அத்தை!"

டிவிக்குப் பின்னால் சாவியை விட்டால் போதும். நாளைக்குத் தூசி தட்டும்போது அவளே எடுப்பாள். இங்கேதான் கிடந்திருக்கிறது என்று ஆயுசுக்கும் தலையில் அடித்துக்கொள்வாள். அவன் தப்பித்துவிடுவான்.

ரேஸுக்குக் கூட வந்திருந்த நண்பன் குள்ளன் தோளை உரசி நின்று கிசுகிசுத்தான். "வாயத் தொறக்காத. எப்படியும் ரெண்டு மாசம்தான்னு டாக்டரே சொல்லிட்டாருல்ல?"

"அந்த ரெண்டு மாசம் இருந்திருப்பாருடா," என்றான் மெக்கானிக்.

சாவியை மறுபடி கொத்திலேயே கோத்தான். அக்கா எழுந்து வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ராவெல்லாம் தூங்கலையா? கண்ணு செவந்து கிடக்கு. உள்ள போய் ஒரு வாய் தண்ணியாவது குடிடா."

அவன் போய்த் தண்ணீர் குடித்தான். சாயங்காலம் அப்பாவை எடுத்தார்கள். யார் ஜெயித்தது என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சிலிண்டர் கம்பெனி ஆள் வந்தார். இரண்டையும் வாசலுக்கு உருட்டி வைத்துவிட்டு, "சாவி?" என்றார்.

"அது என்னாலதான்..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

மெக்கானிக் பையிலிருந்து வண்டிச் சாவிக் கொத்தை எடுத்தான். வளையம் இறுக்கமாக இருந்தது. நகத்தை விட்டுப் பிரித்துக் கழற்றக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். ஆள் சாவியை வாங்கிக்கொண்டு தாளை நீட்டினார். அக்கா கையெழுத்துப் போட்டாள்.