சம்பந்தி தேய்த்த மிதவை

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? உடம்பெல்லாம் சௌக்கியம்தானே? எனக்கு முழங்கால் மட்டும் அவ்வப்போது முணுமுணுக்கும். அதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் மருமகளுக்கு நகரசபையில் நீர்நிலைகளைக் கவனிக்கிற வேலை. எங்கள் தெருக்கோடிப் பூங்காவில் ஒரு குளம். வெயில் காலம் வந்தால் போதும், பச்சைப் பெயின்ட்டைக் கொட்டினாற்போல் ஆகிவிடும். எல்லாம் நச்சுப் பாசி. நாய் குடித்தால் நாய்க்கு ஆபத்து. நாற்றமோ கேட்கவே வேண்டாம். வருஷா வருஷம் மயில்துத்தம் என்கிற நீல மருந்தைக் கொட்டுவார்கள். பாசி சாகும், கூடவே நத்தையும் மீன்குஞ்சும் சாகும். அடுத்த வருஷம் பாசி மட்டும் திரும்பி வந்துவிடும்.

"மருந்தே வேண்டாம் சார், செடியை வச்சே சரி பண்ணலாம்" என்று மருமகள் அதிகாரியிடம் மன்றாடி, ஒரு மூலையில் மட்டும் செய்துகாட்ட அனுமதி வாங்கினாள். தண்ணீரைத் தார்ப்பாய்த் திரையால் நாலு தடுப்பாகப் பிரித்து, தடுப்புக்கு ஒரு மிதவை. மிதவையில் கோரைச் செடி; அதன் வேர் தண்ணீருக்குள் தாடி மாதிரித் தொங்கும். ஒரு தடுப்பை மட்டும் மிதவை இல்லாமல் விட்டால்தான் வித்தியாசம் தெரியும் என்று கேட்டிருக்கிறாள். அதிகாரி விடவில்லை.

"நாலு வாங்கியிருக்கோம்ல, நாலும் மிதக்கணும். ஒண்ணு குடோன்ல கிடந்தா ஆடிட்ல நான்தான் பதில் சொல்லணும்."

சரிப்படாவிட்டால் மறுபடி மயில்துத்தம்தான் என்றும் சொல்லிவிட்டார். மருமகளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்து அவளுடைய அம்மா, என் சம்பந்தி, வந்து சேர்ந்தார். தங்கமான மனுஷி. ஆனால் சுத்தப் பைத்தியம். எங்கள் வீட்டுக்கு வந்தால் சோப்பையே கழுவி வைப்பார். கைப்பையில் ரப்பர் கையுறையும் பிரஷ்ஷும் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார்.

ஒரு காலையில் நாங்கள் இருவரும் குளத்துக்கு நடந்தோம். நான் டீ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள், சம்பந்தி முதல் மிதவையைக் கயிற்றைப் பிடித்துக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்துப் போட்டு, வேரைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன சம்பந்தி பண்றீங்க?"

"பாருங்களேன், எவ்ளோ அழுக்கு. வேரெல்லாம் கொழகொழன்னு. எம்பொண்ணுக்கு இதையெல்லாம் தேய்க்க நேரம் ஏது, பாவம்."

தண்ணீர் எடுத்துச் சோதிக்கப் பாட்டிலோடு வந்த மருமகள் பார்த்தாள். அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, அந்தக் கொழகொழப்புதாம்மா வேலையே செய்யுது. பாசிக்குப் போற சத்தையெல்லாம் அதுதான் இழுத்துக்கும்."

"அழுக்கா வேலை செய்யுது?"

"ஆமாம்மா. அழுக்குதான்."

சம்பந்தி பிரஷ்ஷைப் பார்த்தார், வேரைப் பார்த்தார். "நான் உன்னை இப்படிச் சொல்லி வளர்க்கலியே" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீயைக் குடித்து அடக்கினேன்.

மெல்லிய வேரெல்லாம் பிரஷ்ஷோடு போயிருந்தது. மருமகள் மிதவையை அப்படியே தண்ணீரில் திரும்ப விட்டாள். வேறென்ன செய்ய? அதன்பிறகு சம்பந்தி அந்தக் குளத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வெயில் தணியத் தொடங்கியதும் அதிகாரி வந்தார். நான் வம்படியாகச் சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"வெயில் குறைஞ்சிருக்கு, பாசியும் குறைஞ்சிருக்கு. இதுல உங்க செடி என்னம்மா பண்ணுச்சு?" என்றார் அதிகாரி.

மருமகள் தடுப்புகளைக் கைகாட்டினாள். மூன்று தடுப்புகளில் அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிகிறது. முதல் தடுப்பு மட்டும் பச்சைப் பசேல்.

"இதுக்கும் அதே வெயில்தான் சார்."

"இதுலயும் மிதவை இருக்கே."

"வேரைத் தேய்ச்சு எடுத்தாச்சு."

"யாரு?"

"நான்தாங்க" என்று என் முதுகு பேசியது.

அதிகாரி குனிந்து மூன்றையும் பார்த்தார், மறுபடி முதலாவதைப் பார்த்தார். "சரிம்மா, குளம் முழுக்கப் போட்டுடுங்க. மயில்துத்தத்துக்கு ஆர்டர் போடல. ஆனா இந்த அம்மாவைக் கொஞ்சம் தள்ளியே வச்சுக்குங்க."

அன்றைக்கு மருமகள் ரெண்டு தட்டு சாப்பிட்டாள். "நான் தேய்க்கலைன்னா உன் குளம் ஏதுடி?" என்று சம்பந்தி அவள் தட்டைப் பிடுங்கிக் கழுவப் போனார்.

உதவி செய்கிறேன் பேர்வழி என்று காரியத்தைக் கெடுத்து, அதுவே நல்லதாக முடிந்த கதை உங்கள் வீட்டிலும் இருக்கும். மறைக்காமல் எழுதி அனுப்புங்கள். சம்பந்திக்குப் படித்துக்காட்ட வேண்டும்.