மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்

2005 மே மாதத்தில் நாலு பேர் ஒரே மாத்திரையை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஆரணியில் மருந்துக்கடை வைத்திருந்த அபிதகுசாம்பாளுக்கு அது உறுத்தியது. நாலு பேருமே நெஞ்சுவலி வந்தவர்கள். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை அது.

பட்டுச்சேலை வியாபாரி சடையப்பன் இருமல் மருந்துக்கு வந்தபோது கேட்டாள்.

"அத்த உட்டுட்டேம்மா. தசைய அரிச்சிடுமாம், ஞாபகத்த தின்னுடுமாம். கொலஸ்ட்ராலே கம்பெனிக்காரன் கட்டி உட்ட கதையாம்."

"யாருண்ணா சொன்னாங்க?"

"ஆஸ்பத்திரில பக்கத்துல ஒருத்தரு உக்காந்துகினு இருந்தாரு. இந்த வெயில்லயும் ஸ்வெட்டரு. 'நானும் நிறுத்தினேன், அன்னியிலேர்ந்து வலின்னே ஒண்ணு இல்ல'ன்னாரு. நல்ல மனுசன்."

மறுவாரம், நிறுத்தியவர்களில் இன்னொருத்தியான சந்தவாசல் பொன்னியம்மாள் வந்தாள். அவளிடம் பஸ்ஸில் சொன்னாராம், அதே ஸ்வெட்டர்காரர், அதே வார்த்தைகள்.

"கைய புடிச்சிகினு சொன்னாரும்மா. ஐஸ் மாதிரி இருந்திச்சி அந்தக் கை."

அதற்குப் பத்தாம் நாள் காலையில் சடையப்பன் தன் கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டார். சாவு வீட்டிலிருந்து திரும்பிய அபிதகுசாம்பாள், அதே மாத்திரை சாப்பிடும் கணவனை நினைத்துப் பயந்து, மாணிக்கவேலின் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். இருபது நாள் மாத்திரை பிரிக்காமல் கிடந்தது.

"ஏங்க, உங்களுக்கு யாரு சொன்னது?"

"இன்னா கேக்கற நீ? உன் கடை வாசல் பெஞ்சில தெனம் உக்காந்துகினு இருக்காரே, அவருதான். நீ வெக்கற தண்ணியதான் குடிக்கறேன்னாரு."

அந்த பெஞ்சில் அவள் யாரையும் பார்த்ததில்லை. ஆனால் வருகிறவர்களுக்காக வாசலில் வைக்கும் சொம்பு, நண்பகலுக்குள் காலியாகிவிடும்.

ஆஸ்பத்திரியின் பழைய கம்பவுண்டர் சுப்பனிடம் போய் அடையாளம் சொன்னாள். அவர் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜெயவேலு," என்றார். "தொண்ணூத்தெட்டுல. 'எதுக்குங்க இந்த மாத்திர'ன்னு கேட்டாரு. அப்ப இருந்த டாக்டரு 'எழுதினத முழுங்கு, போ'ன்னு வெரட்டிட்டாரு. கோவத்துல நிறுத்திட்டாரு. மறுமாசம் குளுருது குளுருதுன்னு ஸ்வெட்டரோட வந்தாரு. டோக்கன் வாங்கிகினு அதோ, அங்கதான் உக்காந்தாரு. பேரு கூப்பிடறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி."

மறுநாள் நண்பகலில் கரண்ட் போனது. தெருவிலிருந்த விசைத்தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அந்த நிசப்தத்தில் வாசல் பெஞ்சு முனகியது. எட்டிப் பார்த்தாள். சொம்பில் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

போய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். காலி இடத்தை ஒட்டிய பக்கம் மட்டும் உடம்பு சில்லிட்டது.

"ரத்தக் குழாய்ல கொழுப்பு படியாம இருக்கத்தாங்க அந்த மாத்திர," என்றாள் வெறுமையைப் பார்த்து. "செல பேருக்கு தசை வலிக்கும், நீங்க சொல்றது பொய் இல்ல. வலிச்சா டாக்டருகிட்ட சொல்லணும். அளவு கொறைப்பாங்க, இல்லாட்டி வேற மாத்திர குடுப்பாங்க. நாமளா நிறுத்தக் கூடாது." சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "இத்த உங்களுக்கு அன்னிக்கே யாராச்சும் சொல்லியிருக்கணும்."

கரண்ட் வந்தது, தறிகள் மறுபடி இரையத் தொடங்கின.

அன்று மாலையே மாணிக்கவேலை டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை சாப்பிட்டபோது கெண்டைக்கால் வலித்தது உண்மைதான் என்று அவன் அங்கேதான் ஒப்புக்கொண்டான். டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து அளவைக் குறைத்தார். அதன்பிறகு அந்த மாத்திரையை யாருக்குக் கொடுத்தாலும், பெஞ்சில் சொன்னதையெல்லாம் சொல்லித்தான் கொடுத்தாள். நிறுத்தியவர்களுக்கும் ஆளனுப்பினாள். பொன்னியம்மாள் வந்து கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வெறுங்கையோடு போனாள்.

இரண்டு வாரம் கழித்து அவள் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"மாத்திர குடும்மா. அவரு இன்னிக்கும் பஸ்ஸுல வந்தாரு. நிறுத்துன்னு சொல்லல. 'அந்தம்மா இன்னா சொன்னாங்க, சொல்லு'ன்னாரு. எனக்குப் பாதிதான் ஞாபகம் வந்திச்சி." பொன்னியம்மாள் காசை எண்ணி வைத்தாள். "மீதிய அவரே சொல்லிட்டாரும்மா."