ஹோல்ட்காம்ப் வீட்டுக்குப் போன பெட்டிகள்

மாநிலத்தின் முன்னாள் முதல்வர் ஹோல்ட்காம்ப்பின் தோட்டக் கொட்டிலில் இருந்து பொலிஸ் பெட்டிகளைத் தூக்கி வந்ததைச் சாரங்கா தொலைக்காட்சியில்தான் பார்த்தாள். பெட்டிகளின் பக்கவாட்டில் எழுதியிருந்த கையெழுத்து அவளுடையது.

"உங்கட ஆளல்லோ இது?" என்று கேட்டார் அம்மா சந்திரகாந்தி.

சாரங்கா சத்தத்தைக் குறைத்தாள்.

அவள் அவருடைய செயலாளராக இருந்தவள். ஹம் நகரில் பிறந்த தமிழ்ப் பிள்ளை முதல்வரின் அலுவலகத்தில் வேலை செய்வதை அம்மா கோயிலில் காணும் எல்லாரிடமும் சொல்வார். தேர்தலில் தோற்று அறையைக் காலி செய்த அன்று ஹோல்ட்காம்ப் பெட்டிகளைக் காட்டி, "இவை என் சொந்தக் குறிப்புகள், வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்றார். ஒரு பெட்டியில் மேலே கிடந்த கோவையின் அட்டையில் 'இரகசியம்' என்று சிவப்பு முத்திரை இருந்தது. அவள் அதைக் காட்டிக் கேட்டாள். தனக்கு அனுமதி இருக்கிறது என்றார். அறையில் வேறு யாரும் இல்லை. அவள் பெட்டியை மூடி ஒட்டினாள்.

பிறகு அரச ஆவணக் காப்பகம் பெட்டிகளைத் திருப்பிக் கேட்டது. உள்ளே இருப்பது சொந்தக் குறிப்புகள்தான் என்று அவர் வழக்குப் போட்டார். அது இழுபட்டுக்கொண்டிருக்கும்போதே சோதனை வந்தது. அவர், சாரங்கா இருவர் மேலும் குற்றம் பதிவானது. இரகசியக் கோவைகளைச் செயலாளர்தான் தவறுதலாகக் கலந்துவிட்டார் என்றார் ஹோல்ட்காம்ப்பின் வக்கீல்.

சாரங்காவை வேலையில் இருந்து நிறுத்தி வைத்தார்கள். வேறு வேலைக்கு விண்ணப்பித்தால், பெயரைக் கண்டதும் பதில் நின்றுபோனது. அம்மா கோயிலுக்குப் போவதை விட்டார்.

அவளுக்காக வாதாடியவர் பீலெஃபெல்ட் நகரைச் சேர்ந்த ஜெயகாந்த்.

"பேசாமல் இருக்க உமக்கு உரிமை இருக்கு, சாரங்கா."

"இருந்தால், அண்ணை?"

"அவரின்ர வக்கீல் சொல்லுறதுதான் நிக்கும்."

"உண்மையைச் சொன்னால்?"

"முத்திரையைக் கண்டும் அனுப்பினதா நீரே ஒத்துக்கொண்டதாகும். அவர் சொல்லித்தான் அனுப்பினீர் எண்டதுக்குச் சாட்சி இல்லை."

"அப்ப எந்தப் பக்கத்தாலயும் வெளியில வர ஏலாது."

ஜெயகாந்த் விசாரணைத் திகதியை எழுதிக் கொடுத்தார்.

விசாரணையில் அவள் நடந்ததைச் சொன்னாள். கவனமில்லாதவள் என்ற பெயரோடு வாழ முடியாது என்று பட்டது. நீதிபதி கேட்டார்: "முத்திரையைப் பார்த்தீர்களா?" "பார்த்தேன்." "அதன் பொருள் தெரியுமா?" "தெரியும்." பக்கத்து மேசையில் இருந்த ஹோல்ட்காம்ப் அவள் பக்கம் திரும்பவேயில்லை. அப்படி ஒரு பேச்சு நடந்ததாகத் தனக்கு நினைவில்லை என்று மட்டும் சொன்னார்.

அவருடைய வயதையும் இருதய நோயையும் கருதி, ஒரு தர்ம நிறுவனத்துக்கு நன்கொடை கொடுக்கச் சொல்லி, அவர் மீதான வழக்கை நிறுத்தினார்கள். ஒத்துக்கொண்ட சாரங்காவுக்கு அபராதம் விழுந்தது. அரச வேலையும் போனது.

வெளியே வந்ததும் ஜெயகாந்த் மேன்முறையீடு பற்றிப் பேசத் தொடங்கினார்.

"வேண்டாம் அண்ணை. நான் ஆஹென் நகரத்துக்குப் போய் ஏதும் வேலை தேடப் போறன்."

"போகலாம். ஆனா அவர் குறிப்புகளைக் கேட்டுப் போட்ட வழக்கு இன்னும் முடியேல்லை. அதில உம்மைச் சாட்சியாக் கேட்டிருக்கினம்."

"ஆர், காப்பகமோ?"

"இல்லை. அவர். சொந்தக் குறிப்புகள் எண்டு தான் அண்டைக்கு உம்மட்டச் சொன்னதை நீர் சொல்ல வேணுமாம்."

சாரங்கா நீதிமன்றப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்து வந்த நிருபர்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள்.